டரான்டுலா கடித்தால் ஆள் இறந்துவிடுமா? கையில் விட்டுப் பழக்கலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் தம்பிக்கு டரான்டுலா என்ற பெரிய ரோமச் சிலந்தியை வளர்க்க ஆசை. அம்மா, "அது கடிச்சா ஆளே காலி, வீட்டுக்குள்ள விடமாட்டேன்" என்கிறார். தம்பியோ, "அது ஒண்ணும் பண்ணாது, கையில் விட்டுப் பழக்கினா நம்மளைத் தெரிஞ்சுக்கும்" என்கிறான். யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. அம்மாவின் பயத்தால் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை, சிலந்தி வீட்டுக்கு வராது, அவ்வளவுதான். தம்பியின் நம்பிக்கைதான் ஆபத்தானது. வளர்ப்பு டரான்டுலாக்கள் அநியாயமாகச் சாவதற்குப் பெரும்பாலும் அன்போடு செய்யப்படும் தவறுகளே காரணம். பல வருடங்களாக இவற்றை வளர்த்துவரும் அனுபவத்தில் இதைச் சொல்கிறேன். முதலில் அம்மாவுக்கான பதில்.

டரான்டுலாவின் விஷத்தால் மட்டுமே மனிதர் இறந்ததாக உறுதிசெய்யப்பட்ட மருத்துவப் பதிவு ஒன்றுகூட இல்லை. உடம்பு பெரிதாகவும் ரோமமாகவும் இருப்பதால் விஷமும் அதற்கேற்ப இருக்கும் என்று நினைக்கிறோம். சிலந்திகளில் ஆளைக் கொல்லும் அளவு விஷம் உள்ளவை மிகச் சில, அவற்றில் கருப்பு விதவைச் சிலந்தி போன்றவை டரான்டுலாவின் பக்கத்தில் வைத்தால் பொடிசு. பருமனுக்கும் விஷத்தின் வீரியத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

அதற்காக, "தேனீ கொட்டின மாதிரிதான்" என்ற பேச்சை எல்லா டரான்டுலாவுக்கும் பொருத்திவிடக் கூடாது. இந்தக் குடும்பத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. வளர்ப்பவர்கள் அவற்றை இரண்டாகப் பிரிப்பார்கள்: அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை 'நியூ வேர்ல்டு', ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா பக்கத்தவை 'ஓல்டு வேர்ல்டு'. தேனீ உவமை முதல் வகையில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும். இரண்டாவது வகை வேறு. இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இயற்கையாக வாழும் போசிலோதீரியா இனங்கள் கடித்தால் வலியோடு முடியாது. தசைகள் முறுக்கிக்கொண்டு இழுக்கும். கடித்துப் பல மணி நேரம் கழித்துக்கூட அந்த இழுப்பு தொடங்கலாம், நாள்கணக்கில் விட்டுவிட்டு வரலாம். உயிர் போகாது, ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும். "டரான்டுலா விஷம் ஒன்றுமில்லை" என்று நம்பி இந்த வகையில் ஒன்றை முதல் சிலந்தியாக வாங்குபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும்.

விஷத்தைப் பற்றி இன்னொரு விஷயம். டிரினிடாட் தீவைச் சேர்ந்த ஒரு டரான்டுலாவின் விஷத்தை ஆராய்ந்து 2006-இல் ஒரு முடிவு வெளியானது. அதிலுள்ள மூன்று புரதத் துணுக்குகள், நம் நரம்பில் மிளகாயின் காரத்தை உணரும் அதே ஏற்பியைத்தான் தூண்டிவிடுகின்றன. அந்தக் கடி ஏன் எரிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை. எதிரியைக் கொல்வது அதன் நோக்கமில்லை, "என்னை விடு" என்று வலியால் சொல்வதுதான் நோக்கம்.

கடிப்பதுகூட அதன் கடைசி வழி. முதலில் ஓடப் பார்க்கும். முடியாவிட்டால் முன்னங்கால்களைத் தூக்கி, நச்சுப்பற்களை விரித்துக் காட்டி நிற்கும். சில வகைகள் தரையில் படபடவென்று அடிக்கும், சில உரசி சீறல் ஒலி எழுப்பும். இத்தனை எச்சரிக்கையையும் தாண்டிக் கையை நீட்டினால்தான் கடி. அப்போதும் விஷத்தைச் செலுத்தாமல் வெறுமனே கடித்துவிட்டுப் போவது உண்டு. விஷத்தைத் திரும்பச் சுரக்க அதற்குக் காலம் பிடிக்கும், வீணாக்க விரும்பாது. ஆகவே, மூடியைத் திறந்ததும் முகத்தில் பாயும் என்பதெல்லாம் சினிமாவில்தான். மரத்தில் வாழும் சில வகைகள் சிறிது தூரம் தாவும், அதுவும் தப்பிப்பதற்காக. கடிபட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, வலி மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். தசை இழுப்போ மூச்சுத் திணறலோ வந்தால் டாக்டரிடம் போக வேண்டும்.

வீட்டில் நாய் இருந்தால் ஒன்றை மறக்காதீர்கள். மனிதருக்கு ஆபத்தில்லை என்றால் நாய்க்கும் இல்லை என்று ஆகாது. ஆஸ்திரேலிய டரான்டுலாக்கள் கடித்து நாய்கள் ஓரிரு மணி நேரத்துக்குள் இறந்தது மருத்துவ ஆய்வில் பதிவாகியிருக்கிறது. மூடியில் பூட்டு வேண்டும், நாய்க்கு எட்டாத இடம் வேண்டும்.

ஆனால் அம்மா பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு, அதை யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அது முடி. அமெரிக்க வகைகள் பலவற்றின் வயிற்றின் மேல்புறத்தில், வெறும் கண்ணுக்கு மென்மையான ரோமம்போல் தெரியும் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நுண்ணிய முட்கள் உண்டு. தொந்தரவு செய்தால் சிலந்தி பின்னங்காலால் வயிற்றைச் சரசரவென்று தேய்க்கும், முடிகள் காற்றில் மிதந்து வரும். தோலில் பட்டால் நாள்கணக்கில் அரிப்பு. கண்ணில் பட்டால் நிலைமை வேறு. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 2009-இல் ஒருவர் சிவந்து, நீர் வடியும் கண்ணோடு மருத்துவமனைக்கு வந்தார். வாரக்கணக்கில் குணமாகவில்லை. பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கருவிழிக்குள் முடிபோல் ஏதோ குத்தி நிற்பது தெரிந்தது. அதைச் சொன்னதும்தான், சிலந்தித் தொட்டியின் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது சிலந்தி தன் பக்கம் முடியை வீசியது அவருக்கு நினைவுக்கு வந்தது. அவ்வளவு நுண்ணிய முடியை இடுக்கியால்கூட எடுக்க முடியாமல், சொட்டுமருந்து கொடுத்தே வைத்தியம் பார்த்தார்கள். லான்செட் மருத்துவ இதழில் இது வெளியானது.

அவர் வளர்த்தது எது தெரியுமா? 'சிலி ரோஸ்'. சாதுவானது, ஆரம்பநிலையினருக்கு ஏற்றது என்று எல்லோரும் கைகாட்டும் வகை. கடிக்காத சிலந்தி என்றால் தொல்லை தராத சிலந்தி என்று அர்த்தமில்லை. சுத்தம் செய்யும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், முகத்தைத் தொட்டியின் மேல் நீட்டாதீர்கள், வேலை முடிந்ததும் கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்க்காதீர்கள். அப்படியும் கண்ணில் உறுத்தல் வந்தால் கசக்காமல் தண்ணீரால் கழுவிவிட்டு நேரே கண் மருத்துவரிடம் போங்கள், சிலந்தி வளர்ப்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இனி தம்பிக்கு.

டரான்டுலாவுக்கு எட்டுக் கண்கள் இருந்தும் பார்வை மங்கல். வெளிச்சம், நிழல், அசைவு தெரியும், முகம் தெரியாது. உலகத்தை அது பெரும்பாலும் காலிலுள்ள முடிகளின் வழியாக, அதிர்வாகவும் வாசனையாகவும்தான் அறிகிறது. உங்கள் தம்பியின் கை அதற்கு வெதுவெதுப்பான, அசைகிற ஒரு தரை. கையில் அமைதியாக உட்கார்ந்திருப்பதைப் பாசம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆபத்து வரும்போது ஆடாமல் அசையாமல் இருப்பது இந்தப் பிராணியின் இயல்பு. சில சிலந்திகள் கையில் எடுத்தால் பொறுத்துக்கொள்ளும், அதுவரை உண்மை. விரும்புகிறது, பழகிவிட்டது, நம்மைத் தேடுகிறது என்பதற்கு ஆதாரமே இல்லை.

சரி, பொறுத்துக்கொள்கிறதல்லவா, எடுத்தால் என்ன என்று கேட்பான். விழுந்தால் செத்துவிடும். டரான்டுலாவின் வயிறு மெல்லிய தோல் போர்த்திய ஒரு நீர்ப்பை. உள்ளே இதயமும் குடலும் இரத்தத்துக்கு நிகரான திரவமும் இருக்கின்றன, காக்க எலும்போ ஓடோ இல்லை. மேசை உயரத்திலிருந்து கனத்த பெண் சிலந்தி ஒன்று தரையில் விழுந்தால் அந்த வயிறு பிளந்துவிடலாம், பிளந்தால் பிழைப்பது அரிது. கையில் இருக்கும் சிலந்தி எப்போது திடுக்கிட்டு ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது, மூச்சுக்காற்று பட்டால் போதும். அது ஓடும் வேகத்தில் நம் கை தானாக உதறிவிடும். அந்த ஒரு விநாடி போதும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் தரையில் உட்கார்ந்து, கையைத் தரைக்கு ஒட்டி வைத்துக்கொண்டு எடுக்கட்டும். என்னைக் கேட்டால் எடுக்கவே வேண்டாம் என்பேன். இடம் மாற்ற ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் மென்மையான தூரிகையும் போதும்.

அடுத்தது, என்னை அதிகம் வருத்தும் தவறான நம்பிக்கை. "காலையில் பார்த்தேன், மல்லாந்து கிடந்தது, செத்துப்போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்." உயிரோடு இருக்கும் சிலந்தியைப் புதைத்தவர்கள் உண்டு. டரான்டுலா மல்லாந்து கிடந்தால் அது சாகவில்லை, தோல் உரிக்கப்போகிறது. அதற்கு முன்னால் பட்டுநூலால் ஒரு பாய் பின்னியிருக்கும், கவனித்தால் தெரியும். அதன்மேல் முதுகைச் சாய்த்து, கால்களை விரித்து, மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும். பிறகு தலைப்பகுதியின் ஓடு விளிம்பில் வெடித்து மூடிபோல் விலகும். வயிற்றுத் தோல் பக்கவாட்டில் கிழியும். அப்புறம் ஒவ்வொரு காலையும் விட்டுவிட்டு, துளித்துளியாக, பழைய உறையிலிருந்து உருவும். வெளியே வரும் உடம்பு வெளிறி, ஈரமாக, நிறம் புத்தம் புதிதாக இருக்கும். நச்சுப்பல்லைப் பார்த்தால் பால்போல் வெள்ளை. சில நாளில் அது சிவந்து, அப்புறம் கருக்கும். முன்பு இழந்த கால் இருந்தால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு புதுக்கால் முளைத்திருக்கும்.

இந்த நேரத்தில் உதவி செய்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். நிமிர்த்தி வைப்பது, தோலைப் பிடித்து இழுப்பது, மேலே தண்ணீர் தெளிப்பது எல்லாமே கொலைக்குச் சமம். உள்ளே இரையாகப் போட்ட சுவர்க்கோழி உயிரோடு திரிந்தால் மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிடுங்கள், மென்மையான உடம்பை அது கடித்துக் குதறிவிடும்.

உண்மையில் சாகும் டரான்டுலா மல்லாந்து கிடக்காது. நிமிர்ந்தபடியே, கால்கள் உடம்புக்கு அடியில் சுருண்டுபோகும். காரணம் அதன் காலின் அமைப்பு. முக்கியமான மூட்டுகளை மடக்கத் தசை உண்டு, நீட்டத் தசை கிடையாது. உடல் திரவத்தை அழுத்தத்தோடு பாய்ச்சித்தான் நீட்டுகிறது. அழுத்தம் குறைந்தால் கால் தானாகச் சுருண்டுவிடும். பல சமயம் இது நீர்வற்றலால் வரும், அப்போது அதன் வாய்ப்பகுதி தண்ணீரில் படும்படி கிண்ணத்தின் ஓரத்தில் மெதுவாக வைத்தால் மீள்வதும் உண்டு. முகம் தண்ணீரில் இருந்தால் மூச்சு முட்டுமே என்று பயப்பட வேண்டாம். புத்தகத் தாள்கள்போல் அடுக்கடுக்காக இருப்பதால் 'புத்தக நுரையீரல்' எனப்படும் அதன் சுவாச உறுப்பு வயிற்றின் அடிப்பக்கத்தில் இருக்கிறது.

இதே காரணத்தால் தண்ணீர்க் கிண்ணத்தில் பஞ்சு போட வேண்டியதில்லை. "சிலந்தி மூழ்கிவிடும், பஞ்சைத்தான் உறிஞ்சிக் குடிக்கும்" என்று இன்னும் சொல்கிறார்கள். பஞ்சில் அழுக்கும் பாக்டீரியாவும்தான் சேரும். ஆழமில்லாத கிண்ணம், சுத்தமான தண்ணீர், போதும்.

சாப்பிட மறுப்பதையும் நோய் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தோல் உரிப்பதற்கு முன்னால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூடச் சாப்பிடாது. சிலி ரோஸ் வகை வளர்ந்தபிறகு ஒரு வருடத்துக்கும் மேல் பட்டினி கிடந்து, ஒருநாள் ஒன்றும் நடக்காததுபோல் சாப்பிடத் தொடங்கும். வயிறு உப்பலாக இருக்கும்வரை கவலை வேண்டாம், தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும். வயிறு சுருங்கிச் சுருக்கம் விழுந்தால்தான் கவனிக்க வேண்டும். பின்வயிற்றில் முடி உதிர்ந்த வழுக்கை இடம் கருத்துவந்தால் தோல் உரிக்கும் காலம் நெருங்குகிறது. உரித்தபின் நச்சுப்பல் முழுதாகக் கருக்கும்வரை இரை போடாதீர்கள், பெரிய சிலந்திக்கு ஒன்று இரண்டு வாரம் பிடிக்கும். மற்ற நாட்களில் வளர்ந்த சிலந்திக்கு வாரம் ஒன்றோ, இரண்டு வாரத்துக்கு ஒன்றோ பூச்சி போதும். பாவம் என்று தினமும் போட்டால் வயிறு பருத்து, விழுந்தால் வெடிக்கும் ஆபத்துதான் கூடும்.

எலி, குருவி என்று கொடுக்கத் தேவையே இல்லை. உலகிலேயே எடை மிகுந்த சிலந்தியான தெரபோசா பிளாண்டிக்குப் 'பறவை தின்னி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மரியா சிபில்லா மெரியன் என்ற ஓவியர் சுரினாமுக்குப் போய் வந்து 1705-இல் வெளியிட்ட படத்தில், ஒரு சிலந்தி ஹம்மிங்பேர்டு என்ற சிறு பறவை ஒன்றைத் தின்பதாக வரைந்திருந்தார். அந்தப் படம் மக்கள் மனதை விட்டுப் போகவில்லை. பிளாண்டி காட்டில் பெரும்பாலும் தின்பது மண்புழு, பூச்சி, எப்போதாவது தவளை.

இருப்பிடம் பற்றிய தவறுகள் எல்லாம் ஒரே இடத்தில் தொடங்குகின்றன: பெரிய தொட்டி, நல்ல சூடு, நிறைய ஈரம் இருந்தால் அது சந்தோஷமாக இருக்கும் என்ற எண்ணம். தரையில் வாழும் வகைக்கு உயரமான தொட்டி விழுந்து சாவதற்கான வழி. அடிமண்ணை ஆழமாகப் போட்டு, மண்ணுக்கும் மூடிக்கும் இடையே சிலந்தியின் கால்விரிப்பைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பிவலை மூடியும் வேண்டாம், கால் நகம் மாட்டிக்கொண்டு தொங்கும், காலையே இழக்கும். சூட்டுக்கல், விளக்கு, அடியில் வைக்கும் சூட்டுப்பாய் எல்லாம் உடம்பின் நீரை வற்றவைக்கும். இயற்கையில் சூடு மேலிருந்து வரும், சிலந்தி தப்பிக்க மண்ணுக்குள் போகும். அடியில் சூட்டுப்பாய் வைத்தால் தப்பிக்கப் போகிற இடமே அடுப்பாகிவிடும். நமக்குச் சட்டையோடு வசதியாக இருக்கும் அறை வெப்பம் அதற்கும் போதும். ஈரம் வேண்டும் வகைகளுக்கு மண்ணின் ஒரு பக்கத்தை நனைத்தால் போதும். காற்றோட்டமில்லாமல் அடைத்து ஈரமாக வைத்தால் மரத்தில் வாழும் அவிகுலேரியா போன்றவை சடசடவென்று செத்துப்போகும்.

துணைக்கு இன்னொன்று வாங்குகிறேன் என்று தம்பி சொன்னால் தடுத்துவிடுங்கள். இவற்றுக்குத் தனிமை துன்பமில்லை. இரண்டை ஒன்றாகப் போட்டால் சீக்கிரமே ஒன்றுதான் மிஞ்சும். சொகோத்ரா தீவின் மோனோசென்ட்ரோபஸ் பல்ஃபூரி கூட்டமாக வாழும், அது விதிவிலக்கு.

ஆயுள் விஷயத்தில் இரண்டு பக்கமும் ஏமாறுகிறார்கள். பூச்சிதானே, ஒன்றிரண்டு வருடம் என்று சிலர் வாங்குகிறார்கள். பிராக்கிபெல்மா போன்ற வகைகளில் பெண் 20 வருடத்துக்கு மேலும் வாழும். தம்பி படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் ஆனபிறகும் அது இருக்கும், அப்போது யார் பார்த்துக்கொள்வது என்று இப்போதே பேசிவிடுங்கள். ஆணின் கதை வேறு. கடைசியாகத் தோல் உரித்துப் பருவமடைந்தபின் பெரும்பாலும் சில மாதங்கள், மிஞ்சினால் ஒன்றிரண்டு வருடம். மெலிந்த உடம்பு, நீளக் கால்கள், முகத்தருகே உள்ள இரண்டு சிறு கைகளின் நுனியில் குத்துச்சண்டைக் கையுறைபோல் ஒரு உருண்டை, இவை தெரிந்தால் அது பருவமடைந்த ஆண். பார்க்க அழகாக இருக்கிறதே என்று அதை வாங்கிவிட்டு, அடுத்த வருடம் இறந்ததும் தன் கவனிப்பில்தான் குறை என்று அழுபவர்கள் இருக்கிறார்கள். இளம் சிலந்தியில் ஆண் பெண் தெரிய, உரித்த தோலைத் தண்ணீரில் ஊறவைத்து விரித்து, வயிற்றுப் பகுதியின் உட்புறத்தில் முன்பக்கத்து இரண்டு நுரையீரல் தடங்களுக்கு நடுவே பார்க்க வேண்டும். விந்தைச் சேமிக்கும் சிறு பை அங்கே தெரிந்தால் பெண்.

கள்ளிச்செடிக்குள் முட்டையிட்டு, செடி வெடித்து நூற்றுக்கணக்கில் வீட்டுக்குள் கொட்டும் என்ற கதையையும் அம்மா கேட்டிருக்கலாம். நடக்காத கதை. பெண் சிலந்தி முட்டைகளைப் பட்டுப்பையில் சுற்றித் தானே காவல் காக்கும். தனியாக வளர்க்கும் பெண் இணை சேராமல் குஞ்சு பொரிக்கவும் செய்யாது.

வாங்கும்போது ஒன்றே ஒன்று கேளுங்கள்: கூண்டில் பிறந்ததா, காட்டில் பிடித்ததா? "காட்டில் நிறைய இருக்கு, ஒன்று பிடித்தால் என்ன" என்பதும் ஒரு தவறான நம்பிக்கைதான். வளரவே பல வருடம் எடுக்கும் பிராணி, பிடித்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. செல்லப்பிராணி வியாபாரத்துக்காகப் பிடித்ததால்தான் மெக்சிகோவின் சிவப்பு முழங்கால் சிலந்தி 1985-இலேயே, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்குப் போனது. 2019-இல் போசிலோதீரியா இனங்களும் அதில் சேர்ந்தன. வாங்கும் முன் உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். வளர்க்க முடியாமல் போனால் வெளியே விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் மெக்சிகோ பக்கத்து டரான்டுலா ஒன்று இப்படி வேற்று மண்ணில் குடியேறியே விட்டது.

அம்மா சம்மதித்தால், முதல் சிலந்தியாக சிவப்பு முழங்கால் வகையான பிராக்கிபெல்மா ஹமோரியோ சுருட்டை முடி டரான்டுலாவோ வாங்கச் சொல்லுங்கள், இரண்டுமே மெதுவானவை, பொறுமையானவை. தொட்டியை ஜன்னல் வெயில் படாத, கொசு மருந்தோ பூச்சி மருந்தோ அடிக்காத அறையில் வையுங்கள். பூச்சிக்கு அடிக்கும் மருந்து சிலந்தியையும் கொல்லும். அந்த அறையில் மருந்து அடிக்கக் கூடாது என்பதை வீட்டில் எல்லோருக்கும், முக்கியமாக அம்மாவுக்கு, முதல் நாளே சொல்லிவிடுங்கள்.